கழுதைக்கு வைத்த காது

1. குருத்தோலை ஞாயிறு அன்று மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையில் அப்பா இரண்டு சிலுவை மடித்தார். ஒன்றை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். இன்னொன்றைப் படகின் முன்மூக்கில் கட்டினார்.

2. அன்று மாலை மறைக்கல்வி வகுப்பில் சீட்டு எடுத்தோம். எனக்குக் கழுதை வந்தது.

3. திங்கள் முதல் புதன் வரை கழுதைக்குக் காது நிற்கவில்லை.

4. வியாழன் மாலை படகிலிருந்த சிலுவையை நான் எடுத்தேன்.

5. வெள்ளிக்கிழமை எங்கள் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை.

6. சனிக்கிழமை விடியலில் அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள். பத்து மணிக்குத் திரும்ப வேண்டிய படகு பன்னிரண்டு ஆகியும் திரும்பவில்லை.

நான் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு கருவி பழுதானால் நடந்ததை இப்படித்தான் வரிசைப்படுத்தி எழுதுவோம். படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: மாற்றிய பாகம் எங்கிருந்து வந்தது. ஒன்பது வயதில் நடந்த இந்தச் சம்பவத்துக்கு அந்தக் கட்டத்தில் 'கடவுள்' என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். பல வருடம் அது அப்படியே இருந்தது. இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில்தான் திருத்த வேண்டி வந்தது.

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய குப்பத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு. அந்த வருடம் எங்கள் மறைக்கல்வி வகுப்புக்குப் புதிதாக ஒரு சிஸ்டர் வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கிறோமே, ஈஸ்டருக்கு ஏன் ஒன்றும் வைப்பதில்லை என்று அவருக்குத் தோன்றியது. பீடத்துக்குப் பக்கத்தில் திறந்த கல்லறை ஒன்று, அதைச் சுற்றி ஒரு தோட்டம், தோட்டம் நிறைய விலங்குகள் என்று முடிவு செய்தார். விலங்குகளைப் பிள்ளைகள் செய்ய வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை.

"கடையில வாங்கினது எதுவும் கூடாது. தெர்மக்கோல் கூடாது, பிளாஸ்டிக் கூடாது. மண்ணுல இருந்து வந்திருக்கணும், இல்லைன்னா கடல்ல இருந்து வந்திருக்கணும்."

எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்றில் வந்து மொட்டைமாடியில் விழும் சாம்பல் எதில் சேர்த்தி என்று ஒருவன் கேட்டான். சிஸ்டர் ஊருக்குப் புதிது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மண்ணில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

பிறகு சீட்டு. ஆட்டுக்குட்டி யாருக்கு வரும் என்பதுதான் எல்லாருடைய கவலையும். ஆட்டுக்குட்டிதான் நடுவில் நிற்கும், பூசைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். அது என் தோழிக்குப் போனது. முயல், கோழி, மீன், புறா என்று மற்றவை ஒவ்வொன்றாகப் போயின. என் சீட்டைப் பிரித்துப் படித்ததும் வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஆண்டவரை எருசலேமுக்குச் சுமந்து போனதே கழுதைதான் என்று சிஸ்டர் ஆறுதல் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

வீட்டில் இன்னும் மோசம். சித்தப்பா எல்லாவற்றையும் கேலி செய்கிறவர். யார் யாருக்கு என்ன விலங்கு என்று நான் ஒப்பித்தபோது முயலிலேயே நிறுத்திவிட்டார்.

"மொயலா? ஈஸ்டருக்கும் மொயலுக்கும் இன்னா சம்பந்தம்?"

முயல்தான் முட்டை கொண்டுவரும் என்று சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன்.

"மொயலு முட்ட போடுதா? இன்னா அண்ணி, உம் பொண்ண எங்க அனுப்பி வச்சிகீற? சரி வுடு, உனக்கு இன்னா வந்துது?"

கழுதை என்றேன். சித்தப்பா சாப்பிட்ட தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

இப்படிப்பட்ட சித்தப்பா கேலி செய்யாத பொருள் ஒன்று உண்டு. அது படகில் கட்டிய ஓலைச் சிலுவை. அதற்கு நான்கு வருடம் முன்பு எண்ணூர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, ஒரு காலைப்பொழுது முழுக்க காலி கேனைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தவர் அவர். அதற்குப் பிறகு இரண்டு விரலால் அந்தச் சிலுவையைத் தொட்டு முத்தமிடாமல் படகில் ஏறமாட்டார். ஒருநாள் மழையில் அது அவிழ்ந்து விழுந்திருந்தது. கண்டெடுத்துக் கட்டும்வரை கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மற்ற படகுகள் போய் மீனோடு திரும்பியே விட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் மணலில் விரித்துக் காயப்போட்ட வலையைப் பெண்பிள்ளைகள் தாண்டக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். மூன்றாவது வீட்டு அக்கா ஒருநாள் பஸ் பிடிக்கிற அவசரத்தில் தாண்டிவிட்டாள். அந்த வாரமே அவளுடைய மாமாவின் எஞ்சின் கழன்று கடலில் விழுந்தது. எஞ்சினைப் பிடித்திருந்த போல்ட் தேய்ந்து போயிருந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கு 'வலதாண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்னாளில் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் எங்களில் பாதிப் பேருக்கு அவளுடைய உண்மையான பெயரே தெரிந்தது.

கழுதைக்கு வருகிறேன். உடம்பு சுலபமாக அமைந்தது. ஒரு முழுத் தேங்காய் மட்டை, வயிறு கீழே தொங்குவது போல அதுவே வளைந்திருந்தது. கால்களுக்கு வேப்பங்குச்சி. கழுத்துக்கும் தலைக்கும் பனங்கொட்டை, பிடரிக்குத் தேங்காய் நார், வாலுக்குச் சணல். ஒட்டுவதற்கு அம்மா புளியங்கொட்டையை அரைத்துப் பசை காய்ச்சிக் கொடுத்தார். நிறத்துக்கு மொட்டைமாடிச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் அசல் கழுதை நிறம்.

காதுதான் வரவில்லை. மாவிலை வைத்தேன், மதியத்துக்குள் தொங்கிப்போனது. வாதாம் இலை வைத்தேன், யானை ஆகிவிட்டது. கணவாய் மீனின் ஓட்டைச் செதுக்கினேன், இரண்டாவது காது செய்யும்போது முதல் காது உடைந்தது. சிப்பியும் சரிவரவில்லை. கழுதைக்கு உயரமாக, விறைப்பாக, நுனி கூராக இரண்டு காது வேண்டும். காது இல்லாத கழுதையைப் பார்த்த என் தோழி, பெருச்சாளி நன்றாக வந்திருக்கிறது என்றாள். அவளுடைய ஆட்டுக்குட்டி கணவாய் ஓட்டிலும் இலவம் பஞ்சிலும் செய்தது. அழகாகத்தான் இருந்தது. பஞ்சுக்காகத் தலையணையைக் கிழித்து அவள் வாங்கிய அடியும் எங்களுக்குத் தெரியும். நண்டு ஓட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் நண்டு என்று வைத்தவனை மட்டும் சிஸ்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

வியாழன் மாலை கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே சிலுவை. ஐந்து நாள் வெயிலில் காய்ந்து, விறைத்து, மஞ்சளாகி, நுனி கூராக இருந்தது. எண்ணிப் பார்த்தால் ஒரு சிலுவையில் சரியாக இரண்டு ஓலை. கட்டை அவிழ்த்தேன். அது பாவமா என்று யோசித்தது நினைவிருக்கிறது. ஆண்டவருக்காகத்தானே செய்கிறோம், ஆண்டவர் பொருளை ஆண்டவருக்கே வைக்கிறோம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நாளைக்குப் பெரிய வெள்ளி, யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். ஞாயிறு முடிந்ததும் திருப்பிக் கட்டிவிடலாம். நடுவில் ஒரு சனிக்கிழமை இருப்பதை என் கணக்கு விட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கழுதை ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தது, இரண்டு காதும் வானத்தைப் பார்த்தபடி. அப்பா அதைக் கையில் எடுத்தார். காதைத் தொட்டார். ஓலையின் நடுவில் சிலுவை மடித்த தடம் இருந்தது. பிடரி நாருக்குள் ஒளிந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன், ஆனால் பாதி வெளியே தெரிந்தது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காது நல்லா கீது," என்றார்.

அப்பா பாராட்டுவது அபூர்வம். எனக்கு அன்று முழுக்க அதுவே போதுமாயிருந்தது.

சனிக்கிழமை கண் விழித்தபோது அப்பாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. எங்கே என்று கேட்டேன். பண்டிகைக்கு மீன் வேண்டாமா, கடலுக்குப் போயிருக்கிறார்கள் என்று அம்மா சாதாரணமாகச் சொன்னார்.  சித்தப்பா சிலுவை இல்லாமல் ஏறமாட்டாரே, கரையில்தான் இருப்பார்கள் என்று ஓடினேன். படகு நின்றிருந்த இடத்தில் மணலில் பள்ளம் மட்டும் இருந்தது.

எட்டு மணிக்கு இரண்டு படகு வந்தது. ஒன்பதரைக்கு நான்கு. பத்தரைக்கு எங்கள் படகைத் தவிர எல்லாப் படகும் வந்துவிட்டன. அம்மா மீன் கூடையோடு கரையில் கொட்டியிருந்த கருங்கல் மேல் உட்கார்ந்திருந்தார். முதலில் பக்கத்து வீட்டு அத்தையோடு பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்றது.

"உங் கொழுந்தன் எங்கனா வலையப் போட்டுட்டு தூங்கிகினு இருப்பான். வந்துருவாங்க, கம்முனு இரு," என்றார் அத்தை.  அம்மா சேலைத் தலைப்பின் நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கழுதையை எடுத்துக்கொண்டு வந்தேன். கருங்கல் மேல் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு காதையும் பிடுங்கினேன். மறுபடியும் சிலுவையாக மடித்துக் கடலுக்குக் காட்டினால் போதும் என்று தோன்றியது. மடிக்கத் தெரியவில்லை. காய்ந்த ஓலை மடிப்பில் வெடித்தது. குறுக்காக வைத்துச் சணலால் கட்டினேன், வழுக்கிக்கொண்டே போனது. விரலால் பிடித்துக்கொண்டேன். இனிமேல் கேக் கேட்க மாட்டேன், புதுத் துணி வேண்டாம், ஆட்டுக்குட்டி கிடைத்தவள் மேல் பொறாமைப்பட மாட்டேன் என்று என்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாய் திறந்தேன். மூன்றாவது வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாகப் போனாள். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு மணி இருக்கும். எஞ்சின் சத்தம் இல்லாமல், இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவர, எங்கள் படகு வந்தது. அறுந்து மிதந்த பழைய வலை ஒன்று விசிறியில் சுற்றி எஞ்சினை நிறுத்திவிட்டிருக்கிறது. காலையிலிருந்து மிதந்திருக்கிறார்கள். இரண்டு தலை தெரிந்தது. எண்ணிக்கொண்டேன். பிறகு படகின் முன்மூக்கு தெரிந்தது. அதில், எப்போதும் இருக்கும் இடத்தில், ஓர் ஓலைச் சிலுவை கட்டியிருந்தது.

என் கையைப் பார்த்தேன். இரண்டு ஓலையும் கையில்தான் இருந்தன.

சித்தப்பா தண்ணீரில் குதித்து, படகின் முன்னால் வந்து, அந்தச் சிலுவையை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டார். அவர் முகத்தில் கேலியே இல்லை.

"இத்து மட்டும் இல்லன்னா இன்னிக்கு அவ்ளோதான் அண்ணி. இத்தப் புட்சிகினுதான் ஒக்காந்துகினு இருந்தேன்."

அப்பா எஞ்சின் மேல் குனிந்து அறுந்த வலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கரையேறி வந்தபோது என்னையும் என் மடியிலிருந்த கழுதையையும் பார்த்தார்.

"காது எங்க?"

கையை விரித்துக் காட்டினேன்.

"போய் வை. கோயில்ல தோட்டம் வைக்க நேரமாவுது."

வைத்தேன். ஒன்று மடிப்பில் வெடித்திருந்ததால் கொஞ்சம் சாய்ந்து நின்றது. எதையோ கேட்கிற மாதிரி இருக்கிறது என்று சிஸ்டர் சொன்னார், அதனால் கழுதையைக் கல்லறை வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள்.

எடுத்த சிலுவை என் கையில் இருக்க, படகில் இன்னொரு சிலுவை இருந்தது. இதற்கு ஒன்பது வயதில் ஒரே விளக்கம்தான் உண்டு. வகுப்பில் சிஸ்டரிடம் தனியாகப் போய், கடவுள் எங்கள் படகில் ஒரு சிலுவை கட்டினார் என்று சொன்னேன். சிஸ்டர் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தார். வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையில் நிறையச் செய்திருக்கிறேன். பரீட்சைக்குப் போனது, வேலைக்கு முதல் நாள் போனது எல்லாம் எங்கள் படகில் கடவுளே வந்து கட்டிவிட்டுப் போனார் என்ற தைரியத்தில்தான்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் அந்த விளக்கத்தில் பொருந்தாமல் இருந்தது. அடுத்த வருடம் சாம்பல் புதனுக்கு முன்பு பழைய ஓலைகளை எல்லா வீட்டிலிருந்தும் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவற்றை எரித்துத்தான் நெற்றியில் பூசும் சாம்பல் எடுப்பார்கள். கழுதையின் காதுகளையும் அந்தப் பெட்டியில் நான் போட்டேன். அப்பா மட்டும் படகுச் சிலுவையைக் கொடுக்கவில்லை. அவிழ்த்து, கடலில் இறங்கி, தண்ணீரில் விட்டார். அம்மா திட்டியதற்குக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். அன்று காற்றே இல்லை.

சிஸ்டர் எப்போதோ வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுப்பது நான். ஈஸ்டர் தோட்டத்தை நாங்கள் விடவில்லை, நிபந்தனையையும் விடவில்லை. இந்த வருடம் பதினேழு பிள்ளைகள். தேங்காய் மட்டை, கணவாய் ஓடு, முட்டை ஓடு, பனங்கொட்டை என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். குருத்தோலை குறைந்தது. மந்திரித்த ஓலையைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். காரணம் கேட்டால் சொல்வதில்லை.

தெருமுனை அம்மன் கோயிலில் பங்குனித் திருவிழா முடிந்து தோரணம் அவிழ்க்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே டீக்கடை வைத்திருக்கும் மாமாதான் வருடா வருடம் தோரணம் கட்டுகிறவர். அவரிடம் போய்க் காய்ந்த குருத்தோலை கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"எத்துக்கினு போ பாப்பா. உங்க வூட்டுக்கு இது பழக்கந்தானே," என்றார்.

புரியவில்லை என்றேன்.

"உங்க நைனா சொல்லலியா? நீ சின்னப் பொண்ணு அப்ப. ஒரு நாளு பால் காச்சக்கூட இல்ல, வந்து நின்னுகினு கீறாரு. ரெண்டு ஓல குடுன்றாரு. ஸ்டூல் போட்டு ஏறி நான்தான் அறுத்துக் குடுத்தேன். தோ, அந்த பெஞ்சு மேல ஒக்காந்துகினு சிலுவ மடிச்சாரு."

 மாமா கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எங்க அம்மனுக்குக் கட்னது, உங்க சாமிக்கு ஆவுமான்னு கேட்டேன். 'அத்து தம்பிக்குப்பா. அவன் கண்ணுக்கு ஓல தெரிஞ்சா ஏறிடுவான். பாப்பா ஆசையா எத்துனு போயி கய்தைக்கு வச்சிகீது'ன்னாரு. கடலுக்குப் போற ஆளு நீ, உனக்கு பயமா இல்லியான்னேன். 'கடலுக்கு இன்னா பயம். ஏதனா ஒண்ணு ஆச்சுன்னா எம் பொண்ணு தலைல கட்டிடுவானுங்க. காலத்துக்கும் அந்தப் பேரு நிக்கும். அதான் பயம்'னாரு."

ஓலைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தெரு முழுக்க நடந்து வீடு வரும்வரை மனசு வரிசை போட்டுக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமையே அப்பாவுக்குத் தெரியும். கழுதையின் காதைப் பிடுங்கிக் கட்டியிருக்கலாம், பிடுங்கவில்லை. மாதா படத்துக்குப் பின்னாலிருந்ததை எடுத்திருக்கலாம். எடுத்தால் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் குப்பத்துக்கே தெரியும். மந்திரித்த ஓலை இல்லாமல் கடலுக்குப் போக அப்பாவுக்கும் மனசு வராது. வருடம் தவறாமல் சிலுவை மடிக்கிறவரே அவர்தான். எஞ்சின் நின்றுபோய் நடுக்கடலில் மிதந்த அந்த ஏழெட்டு மணி நேரமும் சித்தப்பா பிடித்துக்கொண்டிருந்தது வெறும் தோரண ஓலை. அது தெரிந்த ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா என் கைவேலையைப் பாராட்டினார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதைய நிலவரம் இது. அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை, சித்தப்பாவிடமும் சொல்லவில்லை. சித்தப்பா இன்றைக்கும் இரண்டு விரலால் தொட்டு முத்தமிட்டுவிட்டுத்தான் ஏறுகிறார். இந்த வருடம் சீட்டில் கழுதை வந்த பெண் அழுதாள். அவளுக்கு அம்மன் கோயில் ஓலையில் இரண்டு காது வெட்டிக் கொடுத்தேன். கழுதை கல்லறை வாசலில் நிற்கிறது. படகில் சிலுவை இருக்கிறது, நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.